ஓடும்போது மட்டும் வரும் இரைச்சல்

எங்கள் வீட்டில் ரேடியோ கிடையாது, காரில் உண்டு. ஐம்பதுகளின் கடைசியில் மேலகரத்தில் இப்படியொரு குடும்பம் எங்களுடையது ஒன்றுதான். யாராவது ஏன் என்று கேட்டால் அப்பா பதில் தயாராக வைத்திருந்தார். அரிசி ஆலை வைத்திருப்பவனுக்கு நெல் விலை தெரிய வேண்டும், மழை எப்போது என்று தெரிய வேண்டும், டில்லியில் என்ன சட்டம் போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். போகிற வழியில் கேட்டுக்கொண்டால் நேரமும் மிச்சம். கேட்டவர்கள் ரொம்பச் சரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். போய் அடுத்த தெரு முக்கில் நின்று சிரிப்பார்கள்.

உண்மைக் காரணம் ஊருக்கே தெரியும். என் அக்கா ரேடியோவில் பாடினாள்.

அக்காவுக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தவரே அப்பாதான். தென்காசியிலிருந்து வாரம் இரண்டு நாள் வாத்தியார் வந்தார், அவருக்கு மோரும் முறுக்கும் தவறாமல் போயிற்று. நவராத்திரிக்கு வருகிறவர்கள் முன்னால் இரண்டு பாட்டு, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் ஒரு பாட்டு, அதற்கு மேல் பாட்டுக்கு உபயோகம் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. அக்காவைத் திருச்சியில் ஒரு கல்லூரிக் கணக்கு வாத்தியாருக்குக் கட்டிக்கொடுத்தோம். அத்தானுக்கு வேறு எண்ணம் இருந்திருக்கிறது. அவர் அவளைத் திருச்சி வானொலிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் குரல் தேர்வுக்குப் பாடவைத்தார். தேறிவிட்டாள்.

அவள் முதன்முதலாகப் பாடிய வாரத்தில் தென்காசியில் ஒரு கல்யாணம். பந்தியில் அப்பாவுக்கு எதிர் இலையில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர் ஒருவர், சிவகிரிச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது அப்பாவின் மகள் பாடியதைக் கேட்டதாகவும், பாட்டு நன்றாக இருந்ததால் மாடு கொஞ்சம் மலிவாகப் படிந்ததாகவும் சொன்னார். பந்தியே சிரித்தது. அப்பா பாயசம் வருவதற்கு முன்னால் எழுந்துவிட்டார். எழுந்தவர் சும்மா போகவில்லை, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"இனிமே அந்தச் சத்தம் எங்க வீட்டு வாசப்படி தாண்டி உள்ள வரப்பிடாது. எம் பேரையும் அவ பேருக்கு முன்னால போட்டுக்கிடப்பிடாது."

வீட்டிலிருந்த ரேடியோ மறுநாளே சிவகிரியில் இருந்த அத்தை வீட்டுக்குப் போய்விட்டது. மாடு விலை படிந்த ஊருக்கே அதை அனுப்பினாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். இரண்டாவது கட்டளையை அம்மா ஒரு கார்டில் எழுதிப் போட்டாள். இனிமேல் தலைப்பெழுத்து வேண்டாமாம் என்று மட்டும் எழுதினாள். அக்கா அதற்குப் பதில் எழுதவில்லை. அவளும் அப்பாவின் மகள்தானே, எதற்குப் பதில் சொல்லக்கூடாது என்று அவளுக்கும் தெரியும்.

இரண்டு மாதம் போயிருக்கும். அப்பா திடீரென்று காருக்கு ரேடியோ பொருத்தச் சொன்னார். கார் வாசற்படிக்கு வெளியேதானே நிற்கிறது. பந்தியில் சொன்ன வாக்குக்கு ஒரு பங்கமும் இல்லை.

அவர் என்ன தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார் என்பது எனக்கு முதல் மாதமே புரிந்துவிட்டது. பாட்டு அல்ல. பாட்டை அவர் அவள் பாவாடை கட்டிய நாளிலிருந்து கேட்டவர். பாட்டுக்கு முன்னால் அறிவிப்பாளர் பெயர் சொல்வாரே, அந்தப் பெயருக்கு முன்னால் என்ன எழுத்து வருகிறது என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. இவர் எழுத்தா, அத்தான் எழுத்தா, அல்லது எழுத்தே இல்லாமல் மொட்டையாகவா? தகப்பன் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சொத்தில் பங்கு பிரிக்க முடியாதது அந்த ஓர் எழுத்துதான். அதைக் கோபத்தில் திருப்பிக் கேட்டுவிட்டார். அவள் கொடுத்துவிட்டாளா என்று தெரியாமல் மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை.

இதில் வேடிக்கை, ஊரில் ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் அந்த எழுத்து தெரியும். அம்மாவுக்கும் தெரியும். அவள் எந்தச் சபதமும் செய்யாதவள். பாட்டு வருகிற அன்று பக்கத்து வீட்டில் போய் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவாள். என்ன எழுத்து என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவரு வாயத் திறந்து கேக்கட்டும், சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டாள். எனக்குச் சொன்னால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவள் கணக்கு. நான் பக்கத்து வீட்டில் கேட்டிருக்கலாம். கேட்டுவிட்டு அப்பாவிடம் என்னவென்று சொல்வது? அவர் எதையும் கேட்கவே இல்லையே. ஆகவே ஊருக்கெல்லாம் தெரிந்த ஓர் எழுத்தைத் தெரிந்துகொள்ள நாங்கள் இருவர் மட்டும் பெட்ரோல் எரித்துக்கொண்டிருந்தோம்.

மாதம் ஒருமுறை, விளக்கு வைக்கிற நேரத்தில், கால் மணி நேரம் அவளுக்குக் கிடைக்கும். எந்த நாள் என்று அம்மாவுக்குக் கடிதம் வந்துவிடும். அன்று காலையில் அம்மா அடுப்பைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாத மாதிரி, "இன்னைக்கு சாயங்காலந்தான்" என்பாள். அப்பா பத்திரிகையை மடக்காமலே, குற்றாலத்தில் ஓர் ஆளைப் பார்க்க வேண்டியிருக்கிறது, சாயங்காலம் வண்டியை எடு என்று என்னிடம் சொல்வார். அந்த ஆளை நான் கடைசிவரை பார்த்ததில்லை. மேலகரத்திலிருந்து குற்றாலம் போய், திரும்பித் தென்காசி போய், மறுபடி மேலகரம் வந்தால் கால் மணி நேரம் சரியாகக் கழியும்.

வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நின்ற காரில் ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்து ரேடியோ கேட்டால் நம் ஊரில் என்ன நடக்கும்? நாலு பேர் வந்து கதவில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். என்ன பாட்டு, யார் பாடுவது என்று கேட்பார்கள். ஓடுகிற காரில் அந்த வம்பு இல்லை. காரியமாகப் போகிறவர், வழியில் ஏதோ காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் வண்டி ஓடினால் ரேடியோவில் பாட்டைவிட இரைச்சல்தான் பாடியது.

தென்காசியில் கோயிலுக்குப் பின்புறத் தெருவில் ஒரு ரேடியோக்காரர் கடை வைத்திருந்தார். எங்கள் காரில் செட்டைப் பொருத்தியவரும் அவரே. தன்னை விட்டால் சுற்றுவட்டாரத்தில் வேறு ஆள் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்ததால் பெரிய டாக்டர் தோரணையில்தான் பேசுவார். செட்டைத் தொடுவதற்கு முன்னால் நோயின் வரலாறு முழுக்கச் சொல்ல வேண்டும். இரைச்சல் வருகிறது என்று சொன்னால் போதாது, வாயால் செய்து காட்ட வேண்டும்.

"எப்படி இரையுதுன்னு கொஞ்சம் செஞ்சு காட்டுங்க அண்ணாச்சி" என்று அப்பாவையே பார்த்துக் கேட்டுவிட்டார்.

அப்பா என் பக்கம் திரும்பினார். அவ்வளவு பெரிய ஆலை முதலாளி நடுத்தெருவில் ரேடியோ மாதிரி இரைய முடியுமா? அதற்குத்தானே பிள்ளை பெறுவது. நான் இரைந்தேன். இஞ்சின் மெதுவாக ஓடும்போது டிக் டிக் என்றும், வேகம் எடுத்தால் அதுவே நெருக்கமாகி டிரரர் என்றும் செய்து காட்டினேன். எதிர் பாத்திரக்கடையில் வியாபாரம் நின்றுவிட்டது. ரேடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அதற்கு அடியில் வேறு ஏதாவது உண்டா என்றார். வண்டு மூக்குக்குள் புகுந்த மாதிரி ஒரு ஙொய் உண்டு, அதையும் செய்தேன். இன்னும் ஏதாவது? கடுகு தாளிக்கிற மாதிரி படபடவென்று ஒன்று உண்டு. அதைச் செய்ய எனக்கு வாய் வரவில்லை. சொல்லி மட்டும் வைத்தேன்.

அவர் வேலை தெரிந்தவர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். டிக் டிக் என்பது பிளக்கில் வெடிக்கிற நெருப்புப் பொறி, அது ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் ரேடியோவுக்கும் கேட்டுவிடுகிறது என்றார். பிளக் ஒயர்களில் சின்னச் சின்ன அடைப்பான்களை மாட்டினார், டிக் டிக் அடங்கியது. வண்டு இருந்தது டைனமோவில். அதன் வாயில் ஒரு கண்டன்சரைக் கட்டினார், வண்டு செத்தது. கடுகு மட்டும் சாகவில்லை. அவருக்கு அது மானப் பிரச்சினையாகிவிட்டது. பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வெளியே வந்து, எர்த் சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

செட்டிலிருந்து வருகிற எர்த் ஒயரைப் பெயின்ட் பூசின தகரத்தில் முடுக்கியிருந்தது. முடுக்கியவர் அவரேதான், ஆனால் அதைச் சொன்ன விதத்தில் வேறு யாரோ அயோக்கியன் செய்த வேலை மாதிரி இருந்தது. பெயின்டைச் சுரண்டிப் பளபளவென்று இரும்பு தெரியும்படி செய்து மறுபடி முடுக்கினார். பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் தொடர்பு இல்லையென்று அங்கே சுரண்டினார். இஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவில் பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்றை வைக்கச் சுரண்டினார். வண்டி நல்ல கறுப்பு, முகம் பார்க்கலாம். அங்கங்கே சுரண்டிய பிறகு அம்மை போட்டு எழுந்த மாதிரி ஆகிவிட்டது. அப்பா அதைக் கவனிக்கவே இல்லை. அவர் காதில் எர்த் என்ற சொல் விழுந்து, அது உள்ளே போய் வேலை செய்துகொண்டிருந்தது.

எங்கள் ஆலையில் பெரிய மோட்டார்கள் உண்டு. அவற்றுக்கு எர்த் கொடுக்க ஆலையின் பின்பக்கம் ஒரு குழி இருந்தது. குழிக்குள் கரியும் உப்பும் போட்டு, நடுவில் குழாய் இறக்கி மூடியிருப்பார்கள். கோடையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது என்பதால் தினமும் காலையில் அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது வழக்கம். ஊற்றியாயிற்றா என்று அப்பா நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் காபி குடிப்பார். மின்சாரத்தைப் பற்றி அவருக்கு இது ஒன்றுதான் தெரியும், ஆனால் இது நன்றாகத் தெரியும்.

"காருக்கு எர்த்து எங்கவே இருக்கு?" என்று ரேடியோக்காரரைக் கேட்டார்.

காருக்குப் பாடிதான் எர்த் என்று அவர் சொன்னார். அப்பாவுக்கு அதைவிட அபத்தமாக எதுவும் இருக்க முடியாது. எர்த் என்றால் மண். வண்டி நாலு ரப்பர் டயரில் மண்ணைத் தொடாமல் நிற்கிறது. தகரத்தைச் சுரண்டிச் சுரண்டித் தகரத்தோடேயே கட்டினால் மண் எங்கே வந்தது? ரேடியோக்காரர் பேச்சுக்குத்தான் எர்த் என்று சொல்வது, உண்மையில் மண் வேண்டாம் என்று விளக்கினார். பேச்சுக்கு ஒன்றைச் சொல்லிவிட்டு உண்மையில் வேறொன்றைச் செய்வது அப்பாவுக்குப் பிடிக்காதாம். அதை அவர் சொன்னபோது நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஆலையிலிருந்து ஒரு சங்கிலி வந்தது. அதை வண்டியின் பின் அச்சில் கட்டித் தரையில் புரளும்படி விடச்சொன்னார். நான் மாட்டேன் என்றேன். ரொம்ப நேரம் கத்தினேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு கட்டினேன். மேலகரத்திலிருந்து தென்காசி போகிறவரை அந்தச் சங்கிலி கலகலவென்று இழுபட்டு வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது கூசும். கோயில் யானை வருகிறது என்று பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். ஒரு வீட்டில் வாழைப்பழத்தோடு நின்றார்கள். உள்ளே அப்பா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ரேடியோவில் கடுகு முன்னைப் போலவே வெடித்தது. சங்கிலி கூடுதல் இரைச்சல்.

அந்த மாதமும் அக்காவின் பெயர் வந்தது. முதலில் கடுகு, பிறகு பெயர். எழுத்து கடுகோடு போயிற்று. ஓர் எழுத்தைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயைத் திறந்து மூடுகிற நேரம். ஒரே ஒரு வெடிப்புப் போதும் அதை மறைக்க. என்ன சொன்னான் என்று அப்பா கேட்டார். இரைச்சலில் விளங்கவில்லை என்றேன். நெல் விலையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அவர்மேல் எரிச்சலாக வந்தது. அதைவிட அதிகமாகப் பாவமாகவும் இருந்தது.

பிறகு ஆனி வந்தது, சாரல் பிடித்தது. அந்த மாத நிகழ்ச்சிக்குப் புறப்பட எங்களுக்குத் தாமதமாகிவிட்டது. குளிக்க வந்த கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. மேலகரம் தாண்டுவதற்குள் அறிவிப்பு முடிந்து பாட்டே ஆரம்பித்துவிட்டது. காய்ந்த ரோடு வரைக்கும் கடுகு வெடித்துக்கொண்டே வந்தது. குற்றாலம் நெருங்க நெருங்கத் தூறல். ரோடு நனைந்து கறுத்துக் கிடந்தது. சக்கரம் அந்த ஈரத்தில் ஏறியதும் கடுகு பட்டென்று நின்றது.

நான் நம்பவில்லை. செட் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அக்கா பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி, மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அப்பா மேல்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கச்சேரியில் உட்காரும்போது அப்படித்தான் செய்வார். அருவிக்கரையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மூன்றாவது பாட்டு முடிந்து, இதுவரை பாடியவர் என்று அறிவிப்பாளர் வாய் திறந்த நேரத்தில் பின்னால் வந்த பஸ்காரன் வழி கேட்டு ஹாரனை அமுக்கினான். அமுக்கியவன் எடுக்கவே இல்லை. அப்பா தலையை வெளியே நீட்டி அவனைத் திட்டினார். அவர் வாயில் அப்படிப்பட்ட வார்த்தைகள் இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் திரும்பி வரும்போது அவர் முகத்தில் ஒரு வெற்றி இருந்தது. "பாத்தியாலே. தண்ணி பட்டதும் எர்த்து புடிச்சிட்டு" என்றார். ஆலையில் ஒரு குடம், இங்கே ஒரு மலை, வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை நான் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ரேடியோக்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார், பிறகு யோசித்தார், பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். குற்றாலத்திலிருந்து கீழே இறங்குகிற ரோட்டில், நனையாத இடத்தில், இஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடச் சொன்னார். இஞ்சின் செத்துக் கிடந்தது, கடுகு வெடித்தது. லேசாக பிரேக்கை மிதிக்கச் சொன்னார். நின்றது. காலை எடுக்கச் சொன்னார். வெடித்தது. அவருக்குச் சந்தோஷத்தில் வார்த்தை குழறியது. குற்றம் இஞ்சினிலும் இல்லை, செட்டிலும் இல்லை. காய்ந்த ரோட்டில் ரப்பர் உரசிச் சக்கரத்தில் மின்சாரம் சேருகிறது. சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் கிரீஸ் இருப்பதால் அது வண்டிக்குள் ஒழுங்காக இறங்க வழியில்லை, தாவித் தாவிப் பொரிகிறது. ரோடு ஈரமானால் சேருவதற்கே வழியில்லை.

ஆக அப்பா சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. இரண்டு பேரும் ஜெயித்துவிட்டார்கள், கடுகு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. சக்கர மூடிக்குள் வைக்க ஒரு ஸ்பிரிங் உண்டாம், அது அச்சைத் தொட்டுக்கொண்டே சுற்றுமாம். மதுரைக்கு எழுதிப் போடுவதாகச் சொன்னார். அதுவரை பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டலாமா என்று அப்பா கேட்டார். ஒருநாள் ஓட்டியும் பார்த்தோம். வண்டியின் அடியிலிருந்து புகை வந்ததால் விட்டுவிட்டோம்.

போகும்போது ரேடியோக்காரர் ஒரு வார்த்தை சொன்னார். "வண்டிய நிறுத்திட்டுக் கேட்டா ஒரு இரைச்சலும் கிடையாது அண்ணாச்சி." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அப்பா காது கேட்காதவர் போல் இருந்துவிட்டார்.

ஆடி மாதம் ஒருநாள் காலையில் அம்மா வழக்கம்போல அடுப்பைப் பார்த்துப் பேசினாள். ஆனால் அன்று கொஞ்சம் நீளமாகப் பேசினாள். அத்தானுக்கு வடக்கே பெரிய வேலை கிடைத்துவிட்டதாம். அடுத்த மாதம் குடும்பத்தோடு போகிறார்களாம். அங்கே தமிழ்ப் பாட்டை யார் கேட்கப் போகிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை பாடுவதுதான் கடைசியாம். சொல்லிவிட்டு அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது. அப்பா, ஸ்பிரிங் வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டார். வரவில்லை.

எப்படியும் சாரல் இருக்கிறதே என்று நாங்கள் இருவரும் தைரியமாக இருந்தோம். ஆடியில் குற்றாலத்தில் ரோடு காய்வது எங்காவது உண்டா? அந்த வருஷம் உண்டாயிற்று. திங்கட்கிழமை நின்ற சாரல் வியாழக்கிழமை வரை திரும்பவில்லை. மலைமேல் மேகம் ஒரு துண்டுகூட இல்லை. கேரளாவிலிருந்து வந்தவர்கள் அருவியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நான் ரோட்டில் இறங்கிப் பார்த்தேன். அப்பா எனக்கு முன்னாலேயே அங்கே நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காத மாதிரி உள்ளே வந்தோம்.

மத்தியானம் ஆலையிலிருந்து ஒரு மாட்டுவண்டி வந்தது. அதில் பெரிய தண்ணீர்ப் பீப்பாய். பீப்பாயின் பின்னால் ஓட்டை போட்ட குழாய். ரோட்டில் புழுதி தாங்க முடியவில்லை, கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன் என்று அப்பா ஊராரிடம் சொன்னார். இத்தனை வருஷம் அதே புழுதியைத் தின்று வளர்ந்த ஊர், அன்று மரியாதையாக ஆமாம் ஆமாம் என்றது. அந்தி சாயும்வரை மாடுகள் வீட்டு முன்னாலிருந்து ஊர்க்கோடிவரை போய்ப் போய் வந்தன. வெயில் பின்னாலேயே வந்து குடித்துக்கொண்டே இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அம்மா பக்கத்து வீட்டுக்குப் போனாள். நாங்கள் வண்டியை எடுத்தோம். அன்று குற்றாலத்து ஆளைப் பற்றிப் பேச்சே இல்லை. நனைந்த ரோடு ரொம்பக் குறைவு. வீட்டிலிருந்து புறப்பட்டு நாலு பேச்சுப் பேசுவதற்குள் முடிந்துவிடும். அதற்குள்ளேயே போய், திருப்பி, வந்து, மறுபடி திருப்பிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் செட் அமைதியாக இருந்தது, காய்ந்த இடம் வந்ததும் படபடத்தது. ஊர்க்கோடி சைக்கிள் கடையில் நின்றவர்கள் எங்கள் வண்டி வருவதையும் போவதையும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டியது. இந்த மனுஷர் ஒரு வார்த்தை கேட்டால் அம்மா சொல்லிவிடுவாளே, எதற்கு இந்தக் கூத்து என்று ஆத்திரமாக வந்தது. அவர் பக்கம் திரும்பிக் கத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். திரும்பினேன். இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உதடு காய்ந்து, அவர் அந்த செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கத்த வரவில்லை.

உரம் போடுவது பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் வணக்கம் சொல்லி முடித்தார். அடுத்தது மெல்லிசை என்றார்கள். நாங்கள் சைக்கிள் கடையை நெருங்கியிருந்தோம். ஈரம் அங்கே முடிகிறது. திருப்பினால் காய்ந்த மண்ணில் ஏறி இறங்க வேண்டும். கடுகு ஒன்றிரண்டாக வெடிக்கத் தொடங்கியது.

"நிறுத்து" என்றார் அப்பா.

எனக்கு விளங்கவில்லை. ரேடியோவை நிறுத்தச் சொல்கிறாரா என்று கையை நீட்டினேன்.

"ஏலே, வண்டிய நிறுத்துங்கேன்."

நடுரோட்டில் நிறுத்தினேன், சைக்கிள் கடைக்கு நேர் முன்னால். இஞ்சினையும் அணைத்தேன். ஒரு இரைச்சலும் இல்லை. அறிவிப்பாளர் மூச்சை இழுத்தது கேட்டது. பிறகு எழுத்தைச் சொன்னார், பெயரைச் சொன்னார்.

அது அப்பாவின் எழுத்து.

அவர் முழங்காலைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கல்யாணம் ஆனவ புருசன் எழுத்தையில்லா போடணும்? இதுகூடத் தெரியல மூதிக்கு" என்றார். சொல்லிக்கொண்டே மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்க நனைந்தது.

அக்கா பாட ஆரம்பித்துவிட்டாள். இதற்குள் சைக்கிள் கடையிலிருந்து நாலைந்து பேர் வந்து கதவில் கையை ஊன்றிக்கொண்டார்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கக்கூடாதா என்று கடைக்காரர் கேட்டார். நான் கையை நீட்டுவதற்குள் அப்பாவே எட்டிக் குமிழைத் திருகினார். அதுவரை அந்தக் குமிழை அவர் தொட்டதே கிடையாது. எந்தப் பக்கம் திருக வேண்டுமென்று தெரியாமல் அவசரத்தில் எதிர்ப்பக்கம் திருகிவிட்டார். டிக்கென்று செட் அணைந்தது. பதறிப்போய்த் திருப்பித் திருகினார். அது வால்வு செட், சூடேறிக் குரல் வர நேரம் பிடிக்கும், எவ்வளவு பெரிய மனிதர் திருகினாலும் அதற்கு முன்னால் வராது.

அந்த நேரத்தில் அங்கே சத்தமே இல்லை. டிக் டிக் இல்லை, வண்டு இல்லை, கடுகு இல்லை, தண்ணீர் வண்டி மாடுகள்கூட அசையாமல் நின்றன.

"யாரு அண்ணாச்சி பாடுதது?" என்றார் சைக்கிள் கடைக்காரர். அவருக்குத் தெரியாததா?

"எம் மவ" என்றார் அப்பா.

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. செட்டின் முகத்தில் விளக்கு மஞ்சளாக ஏறியது, உள்ளேயிருந்து அக்காவின் குரல் மெல்ல மெல்லப் பெரிதாகி வந்தது. பாட்டில் பாதி போயிருந்தது. பின்னால் ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. அப்பா என்னை வண்டியை எடுக்கச் சொல்லவில்லை.